மழைமானியில் தொடங்கட்டும் காலநிலைப் பாடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர்கள் கிராமத் தங்கல் திட்டத்தில் ஊர்களுக்கு வருகிறார்கள். காலநிலைப் பாடத்தை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பசுமைஇல்ல வாயுக்களின் படத்தோடு தொடங்கும் வகுப்பு மனதில் நிற்பதில்லை. மழைமானியோடு தொடங்க வேண்டும்.

விலைக்கு வாங்காவிட்டாலும், மேலிருந்து அடிவரை ஒரே அகலமுள்ள டப்பாவும் ஸ்கேலும் போதும். வாய் அகன்று அடி குறுகிய வாளி கூடாது. அதில் ஸ்கேல் காட்டும் அளவு உண்மையான மழையைவிடக் கூடிவிடும். மரம், சுவர் இருந்தால் அவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும். தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து, நோட்டில் எழுதி, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மழை இல்லாத நாளில் '0' எழுதியே ஆக வேண்டும். வெற்றிடம் விட்டால், மழை பெய்யவில்லையா, அளக்கவில்லையா என்பது பிறகு தெரியாது. பதிவேடு கெடுவது இப்படித்தான். 1 மி.மீ. மழை ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் என்று சொன்னால் கணக்கு உடனே பிடிபடும்.

செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையை அந்த நோட்டோடு ஒப்பிட்டால், பயிர் வளரும்போது இடும் யூரியா மேலுரத்தை எப்போது தள்ளிப்போடுவது என்று விவசாயிகளே முடிவெடுப்பார்கள். ஓர் ஆண்டின் மழை என்பது வானிலை, 30 ஆண்டுச் சராசரியே காலநிலை என்ற வேறுபாடும் அதில் விளங்கும்.

மாணவர்கள் கிளம்பிய பிறகு நோட்டு நின்றுவிடாதிருக்க, வேளாண் அறிவியல் நிலையங்கள் ஊருக்கு இருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள்,
கோவை