வாசிக்கும் முன்பே தீர்ப்பு எழுத வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி நெருங்குகிறது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், புதுக்கோட்டை வட்டாரத்து மெல்லிசைக் குழுக்கள் அம்மன் கோயில் திருவிழாக்களுக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, குறைகிற பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் தேடத் தொடங்கிவிட்டன. அந்தத் தேடலில் நடக்கும் ஓர் அநியாயத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வாசித்துக் காட்ட வரச் சொல்லும் நாளுக்கு முன்பே யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்பது முடிவாகிவிடுகிறது. அந்த முடிவில் காதுக்கு வேலையே இருப்பதில்லை.

நான் காரைக்குடியில் வயலின் சொல்லிக்கொடுக்கிறவள். இளவயதில் கோயில் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசித்தேன். பிறகு நீண்ட காலம் மெல்லிசைக் குழுக்களில் இருந்தேன். இந்தச் சீமையில் நான் ஏறாத திருவிழா மேடை குறைவு. ஆகவே வெளியே நின்று குறை சொல்கிறாள் என்று எந்தக் குழு நண்பரும் எண்ண வேண்டாம்.

முன்பு ஒரு குழுவுக்கு ஆள் வேண்டுமென்றால் தெரிந்தவர் மூலம் சொல்லி அனுப்புவார்கள். போய் இரண்டு மூன்று பாட்டுகள் வாசிப்போம். பிடித்தால் தேதி சொல்வார்கள், பிடிக்காவிட்டால் காபி கொடுத்து அனுப்புவார்கள். இன்று முதலில் கேட்பது கைப்பேசிக் காணொளி. அதைப் பார்க்கிறவர் என்ன பார்க்கிறார்? முகம், உடை, வயது, எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்ற எண், பின்னால் தெரியும் வீட்டுச் சுவர். வாத்தியக்காரர் என்றால் என்ன கீபோர்டு, எந்த ஆண்டு மாடல், சொந்தமாக ஆக்டோபேட் என்ற மின்னணுத் தாளப் பலகை உண்டா. அரை நிமிடக் காணொளி ஒன்றைப் பத்து முறை எடுத்து, தேறியதை மட்டும் அனுப்பலாம். சுருதி விலகினால் சரிசெய்து கொடுக்க மென்பொருள் இருக்கிறது. ஆனால் மேடையில் டிரம்ஸ் வாசிப்பவர் வேகம் கூட்டினால் கூடவே ஓடாமல் பிடித்து நிறுத்துவாரா, பாடகர் இரண்டாம் சரணத்தை மறந்துவிட்டுப் பல்லவிக்குத் தாவினால் அடுத்த தட்டிலேயே அவரோடு போய்ச் சேருவாரா, பட்டியலில் இல்லாத பாட்டை விழாக் குழுத் தலைவர் சீட்டில் எழுதி அனுப்பினால் விழிக்காமல் எடுப்பாரா என்பது எந்தக் காணொளியிலும் தெரியாது. மெல்லிசை மேடைக்கு வேண்டியவை இவைதான்.

கல்லல் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து என்னிடம் படித்த பெண் ஒருத்தி. வயலினைவிடப் பாட்டில்தான் அவளுக்கு உயிர். கனத்த, கீழ்ஸ்தாயியில் நன்றாக நிற்கிற குரல். ஒரு குழு அவளுடைய புகைப்படத்தைப் பார்த்ததுமே "மேடைத் தோற்றம் போதாது" என்று சொல்லிவிட்டது. நான் பேசிய பிறகு, சரி, வந்து பாடட்டும் என்றார்கள். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையின் பின்னறையில், சுருட்டி வைத்த வயர்களுக்கு நடுவே அவளை நிற்க வைத்தார்கள். நான் வாசற்படியில் இருந்தேன். கீபோர்டு வாசித்தவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை, "உன் சுருதி என்ன?" என்று கேட்கவுமில்லை. பாட்டு ஒலிநாடாவில் என்ன சுருதியில் பதிவாகியிருந்ததோ அதிலேயே தொடங்கினார். அவள் குரலுக்கு அது ஒரு கட்டை அதிகம். பல்லவியைச் சமாளித்தாள். சரணத்தில் மேல் பஞ்சமத்துக்குப் போகும் இடத்தில் குரல் கிழிந்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்வையின் பொருள் எனக்குத் தெரியும்: நாம் நினைத்தது சரி. அந்தக் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு முறை அழுத்தினால் ஒரு கட்டை இறங்கிவிடும். வாசிப்பவர் விரலை மாற்றக்கூட வேண்டாம். அந்த இரண்டு அழுத்தல்களுக்கு அவர்களுக்கு மனம் வரவில்லை. முன்பே தீர்ப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு அவள் பாடியது வெறும் சாட்சியமாகப் போயிற்று. அவள் இன்று ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். பாடுவதில்லை.

இதைவிடக் கொடுமையான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இளையான்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன். தகப்பனார் நையாண்டி மேளத்தில் தவில் வாசித்தவர். பையன் டோலக், தபலா, ஆக்டோபேட் மூன்றும் வாசிப்பான். தாளத்தில் கையை வைத்தால் கடிகாரம் பார்க்க வேண்டாம். ஒரு குழுவின் நிர்வாகி அவனிடம் தொலைபேசியில் பேசினார். என்ன வாசிப்பாய் என்று கேட்கும் முன் எந்த ஊர் என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னான். "ஊருக்குள்ளா, காலனியா?" என்று அடுத்த கேள்வி. பதில் சொன்னதும் "சொல்லி அனுப்புகிறோம்" என்று வைத்துவிட்டார். யாரும் சொல்லி அனுப்பவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. ஆதிதாளத்துக்கு எட்டு அட்சரம். எந்தத் தெருவில் பிறந்தவன் போட்டாலும் எட்டுதான். அம்மன் சந்நிதிக்கு முன்னால் வாசிக்க ஆள் தேடுகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. வாத்தியக்காரர்கள் குழுக்களை எடைபோடுவதும் இதே லட்சணத்தில்தான். எல்.இ.டி. திரை இருக்கிறதா, சுவரொட்டியில் யார் படம் இருக்கிறது, எத்தனை ஸ்பீக்கர் அடுக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு, "அது காதுகுத்து செட், நான் போக மாட்டேன்" என்கிறார்கள். பள்ளத்தூர்ப் பக்கத்தில் அப்படி ஒரு சிறு குழு இருந்தது. காதுகுத்து, சாந்திக் கல்யாணம் என்கிற அறுபதாம் கல்யாணம், சின்ன வரவேற்பு என்றுதான் போவார்கள். அதில் பேஸ் கிட்டார் வாசித்தவரைப்போல அடுத்தவர் வாசிப்பைக் கேட்டு வாசித்தவரை நான் பெரிய மேடைகளில்கூடப் பார்த்ததில்லை. பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் அவர் ஒரு சுரத்தைக் குறைத்துக்கொள்வார். அந்தக் குழுவில் ஓர் ஆண்டு இருந்த பிள்ளைகள் எந்த மேடையிலும் தடுமாறவில்லை. அவர்களைச் சுவரொட்டி பார்த்து ஒதுக்கியவர்களுக்குத்தான் நட்டம்.

விசாரிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. விசாரிக்க வேண்டியவை உண்டு, அவற்றை ஓங்கியே விசாரிக்க வேண்டும். பேசிய பணத்தை அன்றிரவே கொடுக்கிறார்களா, அடுத்த நிகழ்ச்சிக்கு வா என்று இழுத்தடிக்கிறார்களா? கடைசிப் பஸ் போன பிறகு பெண் பிள்ளைகளை வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறார்களா, மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்களா? குடித்துவிட்டு மேடை ஏறுகிறவர் உண்டா? இவற்றைக் கேட்காமல் எந்தப் பெண்ணும் எந்தக் குழுவிலும் சேரக் கூடாது என்று என் மாணவிகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அதுபோலவே குழுக்காரரும் கேட்கலாம்: நேரத்துக்கு வருவாரா, ஒப்புக்கொண்ட தேதியில் இன்னொருவர் கூடுதலாக நூறு ரூபாய் தந்தால் ஓடிவிடுவாரா? இவை ஒருவர் நடத்தையைப் பற்றிய கேள்விகள். முகம், தெரு, கீபோர்டின் விலை ஆகியவை நடத்தையும் அல்ல, திறமையும் அல்ல.

எங்கள் ஊருக்கு இதைச் சொல்ல உரிமை இருக்கிறது. சங்கீத நாடக அகாடமி 1952-இல் முதன்முதலாக விருது வழங்கியபோது கர்நாடக இசைக்காகப் பெற்றவர்கள் பாடகர் அரியக்குடி இராமானுஜ ஐயங்காரும் வீணைக் கலைஞர் காரைக்குடி சாம்பசிவ ஐயரும். சாம்பசிவ ஐயரும் அவர் அண்ணனும்தான் காரைக்குடி சகோதரர்கள். அவர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை மடியில் கிடத்தாமல் நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர். கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்கிற ஒருவர் அன்று இருந்திருந்தால், வீணை பிடிக்கவே தெரியாதவர் என்று அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார். கேட்டவர்கள் கேட்டதால்தான் "காரைக்குடி பாணி" என்று வீணையில் ஒரு வழியே நிலைத்தது. மிருதங்க மேதை காரைக்குடி மணி 2023-இல் மறையும்வரை உலகமெல்லாம் இந்த ஊர்ப் பெயரைச் சுமந்து போனார். அந்த ஊரில்தான் இன்று ஒரு பையனிடம் காலனியா என்று கேட்கிறார்கள்.

கச்சேரி மரபில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பாடகரும் பிடில்காரரும் மிருதங்கக்காரரும் பெரும்பாலும் ஒத்திகை இல்லாமல் மேடையில்தான் சந்திப்பார்கள். வர்ணம் முடிவதற்குள் யார் எப்படி என்று தெரிந்துவிடும். தெரிந்துகொள்வது முழுக்கக் காது வழியாகத்தான். என் பாட்டனார் காலத்தில் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் கல்யாணத்துக்கு நாயனம் பேசுவதற்கு முன்னால், அந்த நாயனக்காரர் வாசிக்கும் கோயில் திருவிழாவுக்கு ஆள் அனுப்பிக் கேட்டுவரச் சொல்வார்களாம். போகிறவர் தன்னை யாரென்று காட்டிக்கொள்ளாமல் தேரோடும் வீதியில் கூட்டத்தோடு நின்று, ராகம் எத்தனை நேரம் நிற்கிறது, நாயனத்தோடு விடாமல் ஒலிக்கும் சுருதிக் குழலான ஒத்து விலகாமல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்து சொல்வார். அதன் பிறகுதான் வெற்றிலை பாக்கு மாறும். இது வீட்டில் சொல்லிக் கேட்டது.

வானொலியின் முறையும் நமக்குத் தெரிந்ததுதான். நானும் திருச்சி நிலையத்தில் தேர்வுக்கு உட்கார்ந்தவள். வாசிப்பவர் ஒலிப்பதிவு அறையில் இருப்பார். மதிப்பிடுகிறவர்கள் வேறோர் அறையில் ஒலிபெருக்கி வழியே கேட்பார்கள். யார் வாசிப்பது என்று அவர்களுக்குச் சொல்வதில்லை. பயத்தில் கை வேர்த்தாலும், என் சேலையையோ என் ஊரையோ யாரும் பார்க்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி இருந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு 1952-இலேயே திரைக்குப் பின்னால் வாசிக்க வைத்து ஆள் எடுக்கத் தொடங்கியது. பின்னர் மற்ற இசைக்குழுக்களும் அதைப் பின்பற்றின. நடந்து வரும் காலணிச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத் தரையில் கம்பளம் விரித்தவர்களும் உண்டு. அவ்வளவு பெரிய குழுக்களே தங்கள் கண்ணை நம்பவில்லை. நாம் மட்டும் ஏன் இத்தனை நம்புகிறோம்?

குழு நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் பெரிய செலவு பிடிக்கிற ஒன்றல்ல. காணொளிக்குப் பதில் ஒலிப்பதிவு மட்டும் கேளுங்கள். குழுவில் இல்லாத ஒருவர் அவற்றை வாங்கி, பெயரை எடுத்துவிட்டு எண் போட்டுக் கொடுக்கட்டும். வரச் சொல்கிறவரிடம் இரண்டு நாள் முன்னதாகவே பாட்டுகளைச் சொல்லி, அவருடைய சுருதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வந்தவரைத் தனியே நிறுத்திப் பரீட்சை வைக்காமல், குழுவோடு சேர்ந்து இரண்டு பாட்டாவது வாசிக்க விடுங்கள். ஒரு பாட்டில் வேண்டுமென்றே இடையிசையை மாற்றிப் பாருங்கள். யார் காதைத் திறந்து வைத்திருக்கிறார் என்று அப்போது தெரியும். தொலைவிலிருந்து வருகிறவருக்குப் பஸ் கட்டணம் கொடுங்கள். எடுக்கவில்லை என்றால் எந்த இடத்தில் குறை என்பதை அவரிடமே சொல்லுங்கள். "சொல்லி அனுப்புகிறோம்" என்ற பொய்யை நிறுத்துங்கள்.

விழாக் குழுவினருக்கும் ஒரு வார்த்தை. "பாடுகிற பெண் சிவப்பாக இருக்க வேண்டும்" என்று ஒப்பந்தம் பேசும்போதே நீங்கள் கேட்பதால்தான் குழுக்காரர்களும் அப்படித் தேடுகிறார்கள். எல்லாப் பழியையும் அவர்கள் தலையில் போடுவது நியாயமாகாது. திருவிழாவுக்குப் பாட்டுக் கேட்க வருகிற மக்கள் பொட்டலின் கடைசியில் கட்டாந்தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கிருந்து முகம் தெரியாது, குரல் மட்டும்தான் வந்து சேரும்.

காரைக்குடியில் என் வீட்டு முகப்பு மாலை நேரங்களில் காலியாக இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, உயரமான கூரை, ஒலி தெளிவாக நிற்கும். மறைத்துக் கட்ட ஒரு திரைச்சீலையும் சுருதிப் பெட்டியும் என்னிடம் இருக்கின்றன. இந்த ஆடிக்கு ஆள் எடுக்கும் எந்தக் குழுவும் அங்கே வந்து தேர்வு நடத்திக்கொள்ளலாம்; வாடகை வேண்டாம். ஒலிப்பதிவுகளை வாங்கி எண் போடும் வேலையையும் நானே செய்து தருகிறேன். என் முகவரியும் தொலைபேசி எண்ணும் தங்கள் அலுவலகத்தில் இருக்கட்டும். கேட்டு வரும் குழுவினருக்குத் தயங்காமல் கொடுக்கும்படி வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வயலின் ஆசிரியை ஒருவர்,
காரைக்குடி.