தனியே போவதா, துணையோடு போவதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் செல்வோர் தனிமையை விரும்புவதை நான் குறை கூறவில்லை. நினைத்த இடத்தில் நின்று தேநீர் அருந்த எவருடைய ஒப்புதலும் தேவைப்படாது. ஆனால், இமயமலையில் மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்குச் செல்லும் சாலையில், 5,300 மீட்டர் உயரத்தையொட்டிய தங்லங் லா போன்ற கணவாய்களைக் கடக்கையில், ஆக்சிஜன் குறைவால் தலைவலியும் குமட்டலும் தொடங்கி, முற்றினால் அறிவே குழம்பிவிடும் என்பதால், தமக்கு நேர்வதை ஓட்டுபவரால் உணர இயலாமற்போகலாம். உடன் வருபவரே அதைக் கண்டு, தாழ்வான இடத்துக்கு இறக்கிச் செல்ல முடியும். அலைபேசித் தொடர்பும் அவ்வழியில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதற்காகப் பதினைந்து பேர் படையெடுப்பதையும் நான் ஏற்கவில்லை (ஒரு டயர் பஞ்சரானால் பதினைந்து வண்டிகளும் நிற்க வேண்டும்!). வேகம் ஒத்த இருவரோ மூவரோ போதும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், திருச்சி