கையொப்பத்துக்கு முன் சொல்லுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கும் வைத்தியசாலை நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

நெஞ்செரிச்சலுக்கும் அமிலம் மேலேறுவதற்கும் செய்யப்படும் சத்திரசிகிச்சை பற்றி எழுதுகிறேன். இரைப்பையின் மேற்பகுதியை எடுத்து உணவுக்குழாயின் அடிப்பகுதியைச் சுற்றித் தைப்பது எப்படி என்பது உங்களுக்குக் கைவந்த வித்தை. நிஸென் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1956இல் இம்முறையை வெளியிட்ட நாள் முதல் உலகெங்கும் பலர் இதனால் நலம் பெற்றிருக்கிறார்கள். இரவில் படுத்தால் தொண்டை வரை புளித்து வந்தவர்கள் நிம்மதியாக உறங்குகிறார்கள். அதை மறுக்க நான் வரவில்லை. கையொப்பம் வாங்குவதற்கு முன், இதனால் என்ன மாறும் என்பதை நோயாளிக்குத் தமிழில், எழுத்தில் சொல்லுங்கள் என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

என் அத்தான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் செய்பவர். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரையைப் பல ஆண்டுகளாகக் குடித்து அலுத்தவர். அண்மையில் அவருக்கு இந்தச் சத்திரசிகிச்சை நடந்தது. "சின்னத் துளைதான், பயப்பட ஒன்றுமில்லை" என்றார்கள், நீட்டிய படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, கையெழுத்திட்டார். வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த அட்டையில் மென்மையான உணவு உண்ண வேண்டும் என்று ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள் எழுதப்பட்டிருந்தன. அக்கா அதை எப்படி அறிவார்? பட்டினி கிடந்த மனிதருக்குச் சிவப்பரிசிச் சோறும் மீன் கறியும் வைத்தார்.

இரண்டாவது வாயிலேயே சோறு நெஞ்சுக்குள் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தார், அதுவும் இறங்கவில்லை. உமிழ்நீர்கூட உள்ளே போகாமல் நுரையாக வாயோரம் வழிந்தது. வாந்தி எடுக்க முயன்றார், வரவில்லை. ஏப்பமும் வரவில்லை. கண்கள் சிவந்து, இரண்டு கைகளாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி குனிந்திருந்தார். அக்கா முதுகைத் தடவிக்கொண்டே அழுதார். உயிர் போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இரவில் ஓட்டோ பிடித்து, யானைக்கும் பயந்துகொண்டு ஆற்றைக் கடந்து வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தோம். பார்த்த இளம் வைத்தியர் பொறுமையாகச் சொன்னார்: சுற்றித் தைத்த இடம் இன்னும் வீங்கியிருக்கிறது, முதல் சில வாரங்கள் இப்படி அடைப்பது வழக்கம், கஞ்சி மட்டும் கொடுங்கள்.

வழக்கமாம். வழக்கமான ஒன்றை ஏன் எங்களுக்கு முன்பே சொல்லவில்லை? அந்த ஒரு வசனம் தமிழில் இருந்திருந்தால் அந்த இரவு எங்களுக்கு வந்திருக்காது.

சொல்ல வேண்டியவை இன்னும் இருக்கின்றன. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு ஏப்பம் விடுவதும் வாந்தி எடுப்பதும் கடினமாகும். வயிறு ஊதிக்கொள்ளும், கீழ்க்காற்று கூடும். முழுச் சுற்றுக்குப் பதிலாக 270 பாகை அளவு பகுதிச் சுற்றும் செய்யலாம்; அதில் இந்தத் தொல்லைகள் பொதுவாகக் குறைவு. நோயாளி இதைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால், இப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரையை என்றென்றைக்கும் விட்டுவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் பலர் சம்மதிக்கிறார்கள். சுவீடனில் 2,655 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், 470 பேருக்கு அமிலத் தொல்லை திரும்பியிருந்தது. அவர்களில் பெரும்பாலானோர் மறுபடியும் மாத்திரைக்கே போனார்கள். பெரும்பான்மையினருக்கு நன்மை கிடைத்தது என்பதும் அதே ஆய்விலிருந்து தெரிகிறது. இரண்டையும் சொல்லுங்கள், முடிவை நாங்கள் எடுக்கிறோம்.

பரிசோதனைகளைப் பற்றியும் சொல்லுங்கள். நெஞ்செரிச்சல் என்று வருபவர் எல்லோருக்கும் அமிலம்தான் காரணம் என்றில்லை. உணவுக்குழாயின் கீழ்வாசல் திறக்காத அகலேசியா என்ற நோயும் நெஞ்செரிச்சல்போலத் தோன்றலாம். அந்த நோய் உள்ளவருக்கு இந்தச் சுற்றைப் போட்டால் நிலைமை மோசமாகும். குழாய்க் கமரா விட்டு உள்ளே பார்க்கும் எண்டொஸ்கோபியோடு, உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மனோமெட்ரியும் தேவைப்பட்டால் 24 மணிநேர அமில அளவீடும் இதற்காகத்தானே இருக்கின்றன? அந்த வசதி இங்கே இல்லையென்றால், எங்கே இருக்கிறது என்று சொல்லி அனுப்புங்கள். வயலை ஈடு வைத்தாவது போய் வருவோம்.

இந்தப் பக்கத்து மக்கள் விடியற்காலையிலேயே முதல் பஸ்ஸில் ஏறி, நம்பர் எடுத்து, மதியம் வரை வாங்கில் இருந்து, உங்கள் முன் வரும்போது கேட்க வந்ததை மறந்துவிடுகிறார்கள். கேட்டால் கோபித்துக்கொள்வீர்களோ என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. கேள்வி கேட்டதற்காகக் கிளினிக்கில் எல்லோர் முன்னாலும் அதட்டப்பட்ட ஒரு தாயை நானே கண்டிருக்கிறேன். 1987இல் அரசியலமைப்பைத் திருத்தித் தமிழையும் அரச கரும மொழியாக்கினார்கள். இன்னும் வயிற்றைக் கிழிக்கச் சம்மதம் கேட்கும் தாள் எங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் வருகிறது.

மன்னிக்க வேண்டும், கோபம் எங்கோ இழுத்துச் சென்றுவிட்டது. உங்கள் வேலைச் சுமையையும் ஆள் பற்றாக்குறையையும் அறியாதவன் அல்லன்.

ஒரே ஒரு தாள் அச்சிடுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள், வேறு வழி என்ன, எது வழக்கமான தொல்லை, எது வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்று அதில் இருக்கட்டும். உணவுப் பகுதியில் எங்கள் உணவையே எழுதுங்கள்: பிட்டு, ரொட்டி, பாண், இறைச்சித் துண்டு, சோடா எப்போது வரை கூடாது; கஞ்சி எத்தனை நாள், குழைந்த சோறு எப்போது, இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துக் கொடுக்கலாமா. வாசிக்கத் தெரியாதவருக்கு ஒரு தாதி வாசித்துக் காட்டட்டும். அதன் பிறகு கையொப்பம் கேளுங்கள்.

தாளின் தமிழைச் சரிபார்த்துத் தர ஊரில் சில ஆசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். அடுத்த நோயாளியின் பெயர் பட்டியலில் ஏறுவதற்கு முன் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து
ஒரு நோயாளியின் மைத்துனன்