வீட்டில் பிரித்த குப்பை ட்ரக்டரில் மீண்டும் ஒன்றாகக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

உள்ளூராட்சி மன்றங்கள் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும்போது சுற்றாடலுக்கென்றும் ஒரு தொகையை ஒதுக்கும். அந்தப் பணம் வர்ணத் தொட்டிகளுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் போய்விடக் கூடாது என்ற கவலையில் இதை எழுதுகிறோம். கொலன்னாவ, பேலியகொட, வத்தளை-மாபொல போன்ற சிறிய நகர சபைகள் தங்கள் கையிலிருப்பதைக் கொண்டே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. அது உக்கும் குப்பையை நகர எல்லைக்குள்ளேயே பசளையாக்குவது.

நம் நகரங்களின் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவும் இலைகுழையும்தான். மரக்கறித் தோல், மீன் செதில், தேங்காய்ப்பூச் சக்கை, மிஞ்சிய சோறு எல்லாவற்றிலும் பெரும் பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரைத்தான் டீசல் எரித்துக் கெரவலப்பிட்டிக்குக் கொண்டுபோகிறோம். 2021 இல் அங்கே திறக்கப்பட்ட, குப்பையை எரிக்கும் மின் நிலையத்துக்கும் ஈரக் குப்பை உகந்ததல்ல, ஈரத்தைக் காயவைப்பதிலேயே உலையின் வெப்பம் வீணாகிறது. புத்தளத்தின் அருவக்காட்டிலுள்ள குப்பை நிரப்பு நிலத்துக்கு அனுப்புவதென்றால் பயணம் 150 கிலோமீற்றருக்கு மேல். 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லயில் சரிந்து 30 இற்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோன குப்பை மேடும் ஈரமும் உலர்ந்ததும் கலந்து கொட்டிக் கொட்டி உயர்ந்ததுதான். அதற்குப் பிறகும் கலந்த குப்பையை ஏற்றிச் செல்வதை எந்த மன்றமும் சாதாரண வேலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மக்கள் பிரித்துத் தருவதில்லை என்று சொல்லப்படுகிறது. பெரும்பாலான இடங்களில் பிழை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. இரண்டு வாளியில் பிரித்து வைத்ததை ட்ரக்டர் பெட்டியில் ஒன்றாகக் கவிழ்ப்பதை ஒரு நாள் பார்த்த வீட்டுக்காரர் மறுநாள் பிரிக்க மாட்டார். பெட்டிக்கு நடுவே தகரத் தடுப்பு வைத்தாலும் பலனில்லை. ஒரு பக்கம் நிரம்பியதும் மிச்சம் மறுபக்கத்துக்குப் போய்விடும், மீன் தண்ணீரோ தகரத்துக்குக் கீழால் ஓடிக் கடதாசியை நனைத்துவிடும். சேகரிக்கும் நாட்களைப் பிரிப்பதே வழி. உக்கும் குப்பைக்குத் திங்கள், புதன், சனி என்றும் உலர்ந்ததற்கு வியாழன் என்றும் வைத்தால் அந்த நாளில் வேறெதையும் ஏற்றக் கூடாது. கொழும்பு வெக்கையில் மீன் கழிவு நெடுநாள் தாங்காது. சனிக்கிழமை வண்டி பழுதானால் அன்றிரவே அந்தக் கழிவு ஒழுங்கை முனைக்கோ கால்வாய்க்கோ போய்விடும். ஆகவே மாற்று வண்டியொன்றுக்கு வரவு செலவுத் திட்டத்தில் இடம் வேண்டும். அதை ஆடம்பரமென்று வெட்டிவிடாதீர்கள்.

உக்கும் குப்பையைப் பொலித்தீன் பையில் வாங்கவே கூடாது. மூடியுள்ள வாளி போதும், பழைய பெயின்ற் வாளியும் உதவும். அடியில் இரண்டு தாள் பத்திரிகையை விரித்தால் கவிழ்க்கும்போது ஒட்டாமல் விழும். தொழிலாளி கவிழ்த்துவிட்டு வாளியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். கலந்திருந்தால் எடுக்காமல் காரணம் எழுதிய சீட்டை ஒட்டட்டும், இரண்டாம் தடவை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வரட்டும். இதை ஒரு வட்டாரத்தில் விடாமல் நடத்திப் பார்த்துவிட்டு அடுத்த வட்டாரத்துக்குப் போகலாம். முழு நகரத்திலும் ஒரே நாளில் தொடங்கினால் தொழிலாளர்களால் ஈடுகொடுக்க முடியாது.

இனி பசளை முற்றம். ஒரு வட்டாரத்தில் 1,000 வீடுகள், வீட்டுக்கு நாளொன்றுக்கு 1 கிலோ உக்கும் குப்பை என்று கணக்கிடுவோம். நாளுக்கு 1 தொன், ஏறக்குறைய 2 கன மீற்றர். அதற்கு ஒன்றரை மடங்கு உலர்ந்த இலை சேர்த்தால் 5 கன மீற்றர். அடிப்பக்கம் 3 மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் உயரமுமாக வரிசை போட்டால் ஒரு வாரத்துக்கு 12 மீற்றர் நீளமான வரிசை ஒன்று. குவியல் அமுங்க அமுங்க இரண்டை ஒன்றாக்கலாம் என்பதால் கூரை போட்ட 20 பேர்ச்சஸ் நிலம் போதும். தரை கொங்கிரீற்றாகவும் ஒரு பக்கம் சற்றே சரிவாகவும் இருக்க வேண்டும். வடியும் கறுப்புத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துப் புதிய குவியலுக்கே தெளிக்கலாம். முற்றிய பசளை மேல் தெளித்தால் கிருமி திரும்பவும் ஏறிவிடும்.

முற்றங்கள் நாறுவதற்கும் அயலவர் எதிர்ப்பதற்கும் முதற்காரணம் உலர்ந்த இலை போதாமை. சமையலறைக் கழிவில் நைதரசன் அதிகம். காபனும் நைதரசனும் 25 அல்லது 30 இற்கு 1 என்ற அளவில் இருந்தால்தான் குவியல் ஒழுங்காகச் சூடேறும். அந்தக் காபனைத்தான் நாம் தினமும் எரிக்கிறோம். விகாரமகாதேவி பூங்காவின் இலையும் வீதியோரத் தூங்குமூஞ்சி மரங்களின் இலையும் மொரட்டுவைத் தச்சுப் பட்டறைகளின் மரத்தூளும் குப்பையல்ல, முற்றத்தின் பாதி மூலப்பொருள். ஆனால் வீதி கூட்டி வரும் மணல் கலந்த சருகைச் சேர்த்தால் பசளை தரநிர்ணயத்தில் தோற்றுவிடும். வளவுகளிலும் பூங்காக்களிலும் சேரும் இலையை மட்டும் தனியாக எடுத்துக் காயவைத்து மூட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். இளநீர்க் கோம்பை 3 மாதத்திலும் உக்காது, அதைத் துண்டாக்கும் இயந்திரம் இல்லாத முற்றம் அதை வாங்கவே கூடாது.

குவியலின் நிலையை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசிய வேண்டும். ஓடி வடிந்தால் இலை போதாது, உதிர்ந்துவிட்டால் தண்ணீர் போதாது. இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் 5 நிமிடம் குத்தி வைத்து எடுங்கள். கையால் பிடிக்க முடியாத சூடு என்றால் உள்ளே 55 பாகை செல்சியசைத் தாண்டியிருக்கும். அந்தச் சூட்டை 15 நாளாவது வைத்துக்கொண்டு அதற்குள் 5 தடவை புரட்டினால் கிருமியும் களை விதையும் சாகும். அமோனியா மூக்கை அரித்தால் இலை சேருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றுப் போகவில்லை, அன்றைக்கே புரட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் 4 மில்லிமீற்றர் சல்லடையில் சலித்தால் தொன்னுக்கு 200 கிலோவுக்குக் குறையாமல் பசளை கிடைக்கும்.

உணவகங்களின் கழிவுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். மெல்லிய லஞ்ச் ஷீட் 2017 செப்டம்பர் முதல் தடை செய்யப்பட்டிருந்தும் சோற்றோடு கலந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு தடவை துண்டாகிவிட்டால் அதைச் சலித்து எடுக்கவே முடியாது. பற்றரியும் மின்குமிழும் பசளைக்குள் போனால் அந்த உலோகம் தோட்டத்து மண்ணுக்கே போகும். தொடர்மாடிகளில் மேலிருந்து கீழே விழும் குப்பைக் குழாயை அடைத்துவிட்டு ஒவ்வொரு மாடியிலும் இரண்டு வாளி வைக்காமல் பிரிப்பைப் பற்றிப் பேசுவதே வீண்.

பசளை விற்று இந்தச் செலவை மீட்க முடியாது, அப்படி எதிர்பார்க்கவும் வேண்டாம். இலாபம் மிச்சமாகும் டீசலிலும் கொட்டுவதற்குச் செலுத்தும் கட்டணத்திலும்தான். 2008 இல் மத்திய சுற்றாடல் அதிகார சபை தொடங்கிய பிலிசரு என்ற கழிவு முகாமைத்துவத் திட்டத்தின் கீழ் பல மன்றங்கள் முற்றம் அமைத்தன. பலாங்கொடை நகர சபை பல ஆண்டுகளாகப் பசளை செய்து விற்கிறது. ஓடாமல் போன முற்றங்களில் பலவும் கலந்த குப்பையை வாங்கியவை. சேகரித்த குப்பை சட்டப்படி சபையின் சொத்து என்பதால் அதிலிருந்து வரும் பசளையும் சபைக்கே உரியது. உலர்ந்த நாளில் கிடைக்கும் போத்தல், கடதாசிப் பணத்தில் ஒரு பங்கையாவது தொழிலாளர்களுக்கே கொடுங்கள். பிரித்ததைக் கலக்காமல் காப்பது அவர்கள் கைதான்.

ஏற்றி அனுப்பிய தொன் எத்தனை, முற்றத்தில் நிறுத்திய தொன் எத்தனை என்பதை ஒவ்வொரு மாதமும் நகர சபை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். கூரைக்கு இப்போதே பணம் ஒதுக்குங்கள். மே மாதத் தென்மேல் பருவமழை திறந்த குவியலில் இறங்கினால் அந்த ஆண்டு முழுக்க நாற்றம்தான் மிஞ்சும்.

திண்மக் கழிவுப் பணிகளில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
கொழும்பு.