ஞாயிறு திரையிடல்: இரண்டு பெண்கள், இரண்டு குறும்படங்கள்

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு மாலை 6.30 மணிக்கு, வழக்கமான மொட்டை மாடியில் இரண்டு மௌனப் படங்கள் பார்க்கிறோம்.

முதலில், 1906-இல் பிரான்சில் அலீஸ் கீ எடுத்த 'பெண்ணியத்தின் விளைவுகள்'. சின்ன நகைச்சுவைப் படம். ஆண்கள் தைக்கிறார்கள், இஸ்திரி போடுகிறார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள். பெண்கள் கடையில் உட்கார்ந்து குடித்துச் சிரிக்கிறார்கள். கடைசியில் ஆண்கள் பொங்கி எழுகிறார்கள். எதற்காக என்று யோசித்தால் படத்தின் கூர்மை புரியும்.

அப்புறம் அமெரிக்காவின் லோயிஸ் வெபர், கணவர் பிலிப்ஸ் ஸ்மாலியுடன் இயக்கிய 'சஸ்பென்ஸ்' (1913). பத்து நிமிடம்தான். கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் தாயாக வெபரே நடித்திருக்கிறார். வேலைக்காரப் பெண் மிதியடிக்கு அடியில் சாவியை வைத்துவிட்டுப் போகிறாள். அது ஒரு அந்நியன் கையில் சிக்குகிறது. மாடி ஜன்னலிலிருந்து தாய் குனிந்து பார்க்க, கீழே நிற்பவன் நிமிர்ந்து நம்மையே பார்ப்பான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். திரையை முக்கோணமாகப் பிரித்து தாய், அந்நியன், வெளியே இருக்கும் அவளுடைய கணவன் என மூன்று பேரையும் ஒரே நேரத்தில் காட்டுவதையும் கவனியுங்கள்.

பேய்ப்படம் எடுக்கக் கதை வைத்திருக்கும் தங்கைகள் கட்டாயம் வாருங்கள். உட்கார ஒரு பாய் எடுத்துவாருங்கள். வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கே சொல்லிவிடுங்கள்.