அழித்துவிடு என்று நீ எழுதிய படம்

கோவில்பட்டி,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் நலம்தானே?

வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்து மூன்று வாரம் ஆகிறது. கட்டைப் பிரித்த அன்று ஒரு வேடிக்கை. அந்தக் கண்ணால் பார்த்தால் வேட்டி நீலம் போட்ட வெள்ளை. இடது கண்ணால் பார்த்தால் அதே வேட்டி பழைய பத்திரம் மாதிரி மஞ்சளடித்துக் கிடக்கிறது. இத்தனை வருஷமாக மஞ்சள் ஃபில்டர் மாட்டிக்கொண்டுதான் கல்யாண வீடுகளில் கலர் சரிபார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. கருப்பு வெள்ளைக் காலத்தில் வானம் கொஞ்சம் கறுத்து மேகம் எடுபடட்டும் என்று லென்ஸ் முன்னால் மஞ்சள் கண்ணாடி திருகுவோமே, அதைக் கடவுள் எனக்கு இலவசமாக மாட்டியிருந்தார். கழற்றத்தான் காசு.

பேரனின் காதுகுத்துப் படம் 312-ஐயும் பார்த்து முடித்தேன். செல்போனை ரொம்ப நேரம் பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதை மீறி, நாலு ராத்திரி. உங்கள் குடியிருப்பில் போட்டோ போட்டி நடக்கிறது, ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல், ஆர்ட்டாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். உன் மருமகள் “எல்லாம் சும்மா ஸ்னாப் மாமா, ஆர்ட் போட்டோ வேற” என்று சொல்லிவிட்டாளாம். வேற என்றால் என்ன வேற என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை என்று உனக்குக் கோபம். அவள் சொன்னது முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசிக்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

ஸ்னாப்ஷாட் என்பதே வேட்டைக்காரர்கள் பேச்சு. புதரில் ஏதோ அசைகிறது, குறி பார்க்க நேரமில்லை, துப்பாக்கியைத் தூக்கிச் சட்டென்று சுட்டால் அது ஸ்னாப்ஷாட். பட்டால் முயல், படாவிட்டால் சத்தம். படம் பிடிப்பதை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது கோடாக். 1888-ல் அந்தக் கம்பெனியின் ஈஸ்ட்மன் விற்ற முதல் பெட்டிக் கேமராவில் நூறு படத்துக்கான ஃபிலிம் போட்டே வரும். எடுத்து முடித்ததும் பெட்டியோடு அமெரிக்காவில் ராச்செஸ்டர் ஊரிலிருந்த அவர்கள் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் கழுவி, பிரிண்ட் போட்டு, புது ரோல் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். “நீங்கள் பொத்தானை அழுத்துங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பதுதான் விளம்பரம். உன் செல்போனும் அதேதான், ராச்செஸ்டர் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நான் நாற்பது வருஷம் சோறு தின்றது அந்த ‘மிச்சத்தில்’. அதனால் அந்த வாசகத்தின் மேல் எனக்கு ஒரு பழைய கடுப்பு உண்டு.

உன் 312-ல் முக்கால்வாசி ஒரே படம். வரிசையாக நிற்கிறார்கள், கேமராவைப் பார்க்கிறார்கள், பல் தெரிகிறது. அவற்றைக் குறை சொல்லவில்லை. இருபது வருஷம் கழித்து அந்தப் பையன் தேடப்போவது அவற்றைத்தான். ஆனால் நான் பார்க்கிறபோது நீ பக்கத்தில் இருந்தாக வேண்டும். இவர் சம்பந்தி, அது அவர் அண்ணன், பச்சைச் சேலை திருப்பூர்ச் சித்தி என்று நீ சொல்லச் சொல்லத்தான் படம் நகரும். நீ தண்ணீர் குடிக்க எழுந்து போனால் படம் அங்கேயே நின்றுவிடும். ஸ்னாப்புக்குத் துணைக்கு ஆள் வர வேண்டும், மாப்பிள்ளை.

187-ஆவது படம் துணையில்லாமல் வருகிறது. ‘தவறி அமுங்கிவிட்டது, அழித்துவிடு’ என்று நீ கீழே எழுதியிருக்கிறாயே, அது.

குழந்தை தாய்மாமன் மடியில். மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. ஆசாரியின் கை மட்டும் இடது ஓரத்தில், ஊசியோடு, கொஞ்சம் கலங்கித் தெரிகிறது. பயல் இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை. கடித்த வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிறான். ஆனால் அந்த மாமன், அவ்வளவு பெரிய மீசையையும் சங்கிலியையும் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிப் பல்லைக் கடித்திருக்கிறார். ஊசி இறங்குவது அவர் காதில். பின்னால் ஒரு பெண், முகம் தெரியவில்லை, வாயைப் பொத்திய கை மட்டும் தெரிகிறது. உன் மருமகள்தானே? காதுகுத்து என்றால் என்னவென்றே தெரியாத ஒருவன் கையில் இதைக் கொடுத்தால்கூட, யாருக்கு வலிக்கப்போகிறது, யாருக்கு வலித்துவிட்டது என்பது தெரிந்துவிடும். இந்தப் படத்துக்கு நீ பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. கோபித்துக்கொள்ளாதே.

நான் எடுக்கவே இல்லையே, தானாக அமுங்கியதுதானே, அது எப்படிக் கலை ஆகும் என்று கேட்பாய். நானும் இரண்டு நாள் அதையே யோசித்தேன்.

லார்டிக் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், 1894-ல் பிறந்தவர். வசதியான வீட்டுப் பிள்ளை. ஏழெட்டு வயதிலேயே அப்பா கேமரா வாங்கிக் கொடுத்துவிட்டார். பயல் எடுத்ததெல்லாம் வீட்டுப் படம்: அண்ணன், சொந்தக்காரர்கள், வீட்டில் செய்த வண்டிகள், விளையாட்டு. 1905-ல் பிஷொனாட் என்ற உறவுக்காரப் பெண் படிக்கட்டின் மேலிருந்து குதிக்கிறாள். தரை தொடும் பாவாடையோடு அந்தரத்தில் நிற்கிறாள், முகத்தில் ஒரு சிரிப்பு. இதையெல்லாம் அவர் ஆல்பத்தில் ஒட்டி வைத்துவிட்டு, தன்னை ஓவியர் என்றே எண்ணி வாழ்ந்தார். 1963-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்தப் படங்களைச் சுவரில் மாட்டியபோது அவருக்கு 69 வயது. கிட்டத்தட்ட நம் வயது, நம்பிக்கையை விட்டுவிடாதே.

அவர் எடுத்த பந்தயக் கார் படம் ஒன்று உண்டு. கார் பாதிதான் விழுந்திருக்கும். சக்கரம் வட்டமாக இல்லாமல் முன்பக்கம் சாய்ந்த முட்டை மாதிரி இருக்கும், வேடிக்கை பார்க்கிறவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அந்தக் கேமராவின் ஷட்டர் ஒரு கீற்றுத் திறப்பு. அது நெகட்டிவைக் கடந்து போவதற்குள் சக்கரம் நகர்ந்துவிட்டது. காரோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பியதால் ஜனங்கள் சாய்ந்துவிட்டார்கள். கணக்குப்படி பார்த்தால் எல்லாமே தப்பு. ஆனால் வேகம் என்றால் இன்றைக்கும் அந்தச் சாய்ந்த சக்கரம்தான் என் கண்ணில் நிற்கிறது.

பெரிய தலைகளுக்கும் இப்படித்தான். கார்த்தியே-பிரஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் 1932-ல் பாரிஸ் சாந்-லஸார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், பலகை வேலியின் இடுக்கில் லைக்கா கேமராவை வைத்து ஒன்று எடுத்தார். தண்ணீர் தேங்கிய இடத்தை ஒருவர் தாண்டுகிறார், குதிகால் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. படத்தை வெட்டவே கூடாது என்று பிடிவாதம் பிடித்த மனுஷர், அந்தப் படத்தில் ஓரத்தில் விழுந்த வேலிப் பலகையை வெட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. அதிர்ஷ்டம் அவருக்கும் வேலை செய்திருக்கிறது. ஆனால் அந்த இடுக்கில் கண்ணை வைக்க வேண்டும் என்று தோன்றியதே, அதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன்.

அப்புறம் இருட்டறை. படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் வாசனையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பசிக்கிறது. ஆன்சல் ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1941 நவம்பர் 1 அன்று நியூ மெக்சிகோவில் காரில் போகிறபோது ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே நிலா ஏறியிருப்பதைப் பார்த்தார். கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் சாயங்கால வெயில் போகிற நேரம். வெளிச்சம் அளக்கிற லைட் மீட்டரைக் காணோம். நிலாவின் வெளிச்ச அளவு மனப்பாடமாக இருந்ததால் அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒன்று எடுத்தார். இரண்டாவது எடுக்கத் தயாராவதற்குள் சிலுவைகளில் வெயில் போய்விட்டது. அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போட்டுக்கொண்டே இருந்தார். முதலில் போட்டவற்றில் வானத்தில் மேகக் கீற்றுத் தெரியும். போகப் போக வானத்தைக் கறுக்க வைத்து, கடைசியில் மை மாதிரி ஆக்கிவிட்டார். நாமும்தான் என்லார்ஜர் அடியில் ஒரு பக்கத்தைக் கையால் மறைத்து, இன்னொரு பக்கத்துக்குக் கூடுதல் வெளிச்சம் விட்டுப் பிரிண்ட் போட்டோம். ஆனால் என்னத்துக்கு? கல்யாணப் பெண்ணின் நெக்லஸ் பளிச்சென்று தெரியட்டும் என்று.

இப்போது உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 86-ஓ 87-ஓ இருக்கும். மழைநாளில் ஒருவர் தார்ப்பாயில் சுற்றி ஒரு கல்யாணக் குரூப் போட்டோவைக் கொண்டுவந்தார். அம்மா தவறி ஆறு நாள், பதினாறுக்குள் படம் வேண்டும். உனக்குத் தெரியும், அந்தக் காலத்தில் எத்தனையோ பெண்களுக்குத் தனியாக ஒரு படம்கூட இருக்காது. செத்த பிறகுதான் ஏதாவது குரூப்பிலிருந்து முகத்தைப் பிரித்துப் பெரிசு பண்ணி மாலை போடுவார்கள். என் ஸ்டுடியோ வருமானத்தில் இது ஒரு நல்ல பங்கு. இந்தப் படத்தில் அம்மா பின்வரிசையில் நாலாவது ஆள். முன்னால் நின்றவரின் தலைப்பாகை சரியாக வலது பாதி முகத்தை மறைத்துவிட்டது.

எனக்குக் கைவேலைத் திமிர். இருக்கிற பாதியைக் காப்பி எடுத்து, நெகட்டிவைத் திருப்பிப் போட்டு இன்னொரு பிரிண்ட், இரண்டையும் நடுவில் வெட்டி ஒட்டி, சேர்ந்த இடத்தைப் பிரஷ்ஷால் பூசி, மறுபடி காப்பி. மூக்கு நேராக வந்தது. பொட்டு நடுவில் வந்தது. மகன் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா இது எங்கம்மா இல்லையே.” எந்த முகமும் இடமும் வலமும் ஒன்றாக இருப்பதில்லை என்பது, பத்து வருஷம் முகம் தொட்டுப் பிழைத்தவனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. “அந்தப் பாதியவே பெரிசு பண்ணிக் கொடுங்க” என்றார். வேண்டாவெறுப்பாகப் போட்டுக் கொடுத்தேன். முகம் பொரிப்பொரியாக வந்தது, தலைப்பாகை ஓரம் அப்படியே.

ரெண்டு வருஷம் கழித்து அதே வீட்டுக்குக் கல்யாண ஆர்டர். ரேழியில் அந்தப் படம் மாலையோடு மாட்டியிருந்தது. தலைப்பாகைக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்க்கிறார். ஒற்றைக் கண்ணால், கூச்சத்தோடு, தன் வீட்டுக் கல்யாணக் கூட்டத்தை. மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், அந்த அம்மாவை உயிரோடு பார்த்தேயிராதவர், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றார். காபி ஆறி ஆடை கட்டியது, நகரவில்லை. என் வாழ்நாளில் என் கையிலிருந்து போன நல்ல படம் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. குரூப் எடுத்தவன் மணமக்களைத்தான் எடுத்தான். நான் செய்தது கூலி வேலை, அதிலும் முதல் தடவை தப்பு. இது போதும், இதுதான் என்று சொன்னவர் அந்த மகன். அப்படிப் பார்த்தால் படம் அவருடையது.

அதனால்தான் உன் கட்டைவிரலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. விரல் பாட்டுக்கு அமுங்கட்டும். 311-ஐத் தள்ளிவிட்டு 187-ஐக் கையில் எடுக்க உனக்கு மனசு வருமா என்பதுதான் பாக்கி. வராது என்று எனக்குத் தெரியும். எல்லோரும் சிரிக்கிற 42-ஆவது படத்தைத்தான் நீ கொடுக்கப்போகிறாய். பரிசும் அதற்கே கிடைக்கும்.

ஒருவேளை மனசு வந்தால்: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதே, சுருக்கித் தொலைத்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பு. வலது ஓரத்தில் யாரோ செல்போனை நீட்டிய கை இருக்கிறது, அதை வெட்டுகிறேன். கருப்பு வெள்ளை ஆக்காதே. ஆர்ட் என்றால் கருப்பு வெள்ளை என்று போட்டிக்காரர்கள் நினைப்பார்கள், ஆனால் அந்தச் சந்தனத்தின் மஞ்சள் எனக்கு வேண்டும், புதுக் கண்ணால் பார்த்த மஞ்சள். எல்லாவற்றுக்கும் முன்னால் தாய்மாமனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. சம்பந்தி வீட்டு மீசை, விளையாட்டில்லை.

இங்கே கடையைப் போன மாதம் காலி பண்ணிவிட்டேன், இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். மகனுக்கு ட்ரோன் வந்த பிறகு தரையில் நின்று படம் எடுக்கவே பிடிப்பதில்லை. இடது கண்ணுக்குத் தை மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

அன்புடன்,
உன் பழைய ஸ்டுடியோக்காரன்

பின்குறிப்பு: கடையை ஒழிக்கிறபோது 1975-ல் கன்னியாகுமரியில் நீ உங்கப்பாவின் அக்ஃபா கிளிக் கேமராவில் என்னை எடுத்த படம் கிடைத்தது. ரோலில் இருந்த பன்னிரண்டில் கடைசி ஒன்று, நினைவிருக்கிறதா? விவேகானந்தர் பாறை முழுசாக இருக்கிறது, என் தலை இல்லை. நீ கண் வைத்துப் பார்த்த கேமராக் கண்ணாடி லென்ஸுக்கு மேலே இருந்தது, கிட்டத்தில் நின்று எடுத்தால் தலை போகும். அதற்காக உன்னை ஐம்பது வருஷம் திட்டியிருக்கிறேன். நேற்றுத்தான் கவனித்தேன், வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து எடு என்று உங்கப்பா சொல்லிக் கொடுத்தபடி நின்றிருக்கிறாய், உன் நிழல் மணலில் நீண்டு வந்து என் காலைத் தொடுகிறது. நாம் ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிற படம் இது ஒன்றுதான். பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன், வெட்டாமல்.