இடப்பக்கம் கட்டிய சுரைக்குடுக்கை

அன்புள்ள ஊராருக்கு,

பன்னிரண்டு ஆண்டுகள் போட்டிகளில் நீந்திவிட்டுப் போன மாதம் ஓய்வு பெற்றேன். பதக்கம் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கந்தரப்பம் சுட்டு அம்மா ஓய்ந்துவிட்டார். நன்றி சொல்வதுதான் பாக்கி.

முதலில் மாமாவுக்கு. பெருமூளை வாதத்தால் என் இடக் கையும் இடக் காலும் பிறவியிலேயே விறைத்தவை. ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் நாளுக்கு இரண்டு முறையாவது வழுக்கி விழுவேன். மாமா என்னைத் தோட்டத்துக் கிணற்றுக்குத் தூக்கிப் போனார். (குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைத்தால் ஊரே திரண்டுவிடுமே!) முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிட்டார். மற்ற பிள்ளைகள் நேராகப் போக, நான் செக்குமாடு மாதிரி வட்டமடித்தேன். இடப்பக்கம் முங்கிக்கொண்டே இருந்தது. மாமா ஒரு பீடி தீரும்வரை படியில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு குடுக்கையை அவிழ்த்து இடது விலாவில் கட்டினார். "வலக் கைக்கு என்ன அவசரம்? இடது வந்து சேரட்டும்" என்றார். இதையே பின்னாளில் மதுரையில் பயிற்சியாளர் அரை மணி நேரம் விளக்கினார்.

அந்தப் பயிற்சியாளருக்கும் நன்றி. 1972இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற இந்திய வீரர் முரளிகாந்த் பேட்கரைப் பற்றிச் சொன்னவர் அவர்தான். பெருமூளை வாதம் உள்ளவர்களை 1980இல்தான் அந்தப் போட்டிகளில் சேர்த்தார்கள் என்றும் சொல்வார், நான் சோர்ந்த நாள் பார்த்து.

விடியற்காலை மதுரை பஸ்ஸில் நான் உட்காரும்வரை விசில் கொடுக்காத நடத்துநருக்கு நன்றி. பஸ் நிலையத்து டீக்கடை அண்ணனுக்கும்தான். குளிர்ந்தால் என் தசைகள் இன்னும் முறுக்கிக்கொள்ளும். பாதிப்பின் அளவைப் பார்த்து எந்தப் பிரிவில் நீந்தலாம் என்று முடிவு செய்யும் வகைப்பாட்டுத் தேர்வில் முதலில் மேசையில் படுக்க வைத்து மூட்டுகளை மடக்கிப் பார்ப்பார்கள். பிறகு நீந்தச் சொல்வார்கள். கை கால் பாதிப்பு உள்ளவர்களுக்கு எஸ்1 முதல் எஸ்10 வரை பிரிவுகள்; எண் குறையக் குறையப் பாதிப்பு அதிகம். எனக்கு எஸ்8 கிடைத்த அன்று, இரண்டுக்கும் இடையில் காலில் ஒற்றிக்கொண்டது டீக்கடை அண்ணன் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்த வெந்நீர். காசு வாங்க மறுத்துவிட்டார்.

விளையாட்டு நேரத்தில் என்னைப் பைகளுக்குக் காவல் வைத்த பள்ளிக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. விளையாடப் போகாமல் என்னோடு உட்கார்ந்திருந்த நண்பனுக்குச் சொல்கிறேன்.

மாமாவின் குடுக்கை விரிசல் விட்டுவிட்டது. அடுத்த தெருவில் என்னைப் போலவே ஒரு சிறுமி இருக்கிறாள். அவளுக்கு வலப்பக்கம் விறைப்பு. அத்தை புதுச் சுரைக்காய் ஒன்றைப் பரணில் காயப் போட்டிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை